வழியின் உரிமையும் வண்டியின் விளக்கும்



நம் வீட்டில் 2004-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. அத்தா அவர்கள் (அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்குவானாக) துணி வியாபாரத்திற்காக வாங்கியது. அவர்கள் மறைந்த பின் வண்டி நம் கைக்கு வந்தது. 15 ஆண்டுகள் நிறைந்ததும் தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம். அந்த நிறுவனம் 2019-இல் ஆம்னி தயாரிப்பையே நிறுத்திவிட்டது என்றாலும், நம் வண்டி இன்றும் மதரஸா மாணவர்களையும் மளிகை மூட்டைகளையும் நோயாளிகளையும் சுமந்துகொண்டு திருநகரைச் சுற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் இரவு. விருதுநகரில் நடந்த கிராஅத் போட்டி முடிந்து, மாணவர்கள் அறுவரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். திருமங்கலத்திற்குச் சற்று முன்பு மழை பிடித்துக்கொண்டது. நம் வண்டியின் முன்விளக்குகள் பல மாதங்களாகவே மங்கித்தான் இருந்தன. அந்த மழையில் சாலையின் ஓரக்கோடு கூடத் தெரியவில்லை. முன்னே ஏதோ கருமையாக நிற்கிறது என்று புரிவதற்குள் அது பக்கத்தில் வந்துவிட்டது. பழுதாகி நின்றிருந்த, செங்கல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கும் இல்லை, சிவப்பு ஒட்டுப்பட்டையும் இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு சாண் இடைவெளியில் தப்பினோம். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இருவர் மட்டும் விழித்து, "என்ன ஹஜ்ரத்?" என்றார்கள். "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்றோம். அந்தச் சொல்லை நம் வாய் சொன்னதே தவிர, கைகள் திருநகர் வந்து சேரும்வரை நடுங்கிக்கொண்டிருந்தன. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட ஆறு பிள்ளைகள்!

மறுநாளே விளக்கை மாற்றுவதென்று முடிவு செய்தோம். இதில் தவறில்லை. நாம் செய்த தவறு அதற்கடுத்த படியில் இருந்தது. இருந்த விளக்கு ஏன் மங்கியது என்று நாம் யாரிடமும் கேட்கவில்லை. எது மிகவும் பிரகாசமானது என்று மட்டும் கேட்டோம். மதுரையில் ஓர் உதிரிபாகக் கடையில், பழைய ஹாலஜன் பல்பு இருந்த அதே ஹோல்டரில் அப்படியே பொருந்தும் எல்.இ.டி. பல்புகள் இரண்டைக் காட்டினார்கள். விலை 1,800 ரூபாய். பத்தே நிமிடத்தில் மாட்டித் தந்தார்கள். அன்றிரவு வண்டியை எடுத்தபோது தெரு முழுவதும் பால் ஊற்றினாற்போல் வெளுத்தது. இல்லத்தார் பார்த்துவிட்டு, "பகல் மாதிரி இருக்கே" என்றார்கள். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு எதிரே வரும் வண்டிகள் நம்மைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்து எரித்தன. "டிம் அடி" என்பதுதான் அதன் பொருள். நாம் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தோம். ஆகவே அவர்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்று கருதி, நாமும் ஒருமுறை பிரைட் அடித்துக் காட்டிவிட்டு, 'இதோ பார், இதுதான் பிரைட், முன்பு எரிந்தது டிம்' என்று மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டு போவோம். இப்படி இரண்டு மாதங்கள் கழிந்தன.

நிலையூர்க் கண்மாய்ப் பக்கத்தைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூரில், சுப்ஹு தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு மக்தப் வகுப்பு எடுத்து வருகிறோம். நாமும், உடன் பணியாற்றும் இளைய உஸ்தாத் ஒருவரும் அதிகாலை 5 மணிக்குத் திருநகரிலிருந்து புறப்படுவோம். அது மார்கழி. கண்மாய் நீரிலிருந்து எழுந்த பனி சாலையை மூடியிருந்தது. வெள்ளை வெளிச்சம் அந்தப் பனியில் பட்டு நம் பக்கமே திரும்பியதால் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினோம். ஒரு வளைவில் எதிரே சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று தெரிந்தது. டி.வி.எஸ். மொபெட். அது நம்மை நெருங்கிய வேளையில், எந்தக் காரணமும் இன்றி நேராக இடப்பக்கச் சரிவுக்குள் இறங்கியது. பிரேக் அடித்த ஓசைகூட எழவில்லை. விளக்கு அணைந்தது.

இறங்கி ஓடினோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் சரிவில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். வலது மணிக்கட்டை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார். இரண்டு ஈரச் சாக்குப் பைகளில் ஒன்று கிழிந்து, மல்லிகை மொட்டுகள் சேற்றில் பரவிக் கிடந்தன. மதுரை மல்லி மொட்டாக இருக்கும்போதே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைச் சென்றடைய வேண்டும்; மலர்ந்துவிட்டால் விலை போகாது. அதனால்தான் பூக்காரர்கள் நள்ளிரவுக்குப் பின் தோட்டத்தில் இறங்கி, விடியும் முன் வண்டியேறுகிறார்கள். மார்கழியில் பனியினால் செடி அதிகம் பூக்காது. நான்கைந்து கிலோ கிடைப்பதே அரிது; அதற்கேற்ப விலையும் அதிகம். அந்த நான்கு கிலோவில் பாதி சேற்றில் கிடந்தது.

பெரியவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போடும் வரை உடனிருந்து, அன்றைய செலவைச் செலுத்தி, வீட்டாருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பனியில ஒண்ணும் தெரியல பாய். இந்தக் கண்ணுல வேற பொறை விழுந்திருக்கு. அரவிந்துல ஒரு கண்ணு பாத்தாச்சு, இத தை பிறந்ததும் பாக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை நீங்க நின்னீங்க. மத்தவனா இருந்தா போயிருப்பான்."

நாம், "அதனாலென்ன ஐயா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவ்வளவுதான் சொன்னோம். அவர் பனியைக் குற்றம் சொன்னார், தம் கண்ணைக் குற்றம் சொன்னார், நம்மைப் புகழ்ந்தார். மூன்றையும் நாம் மறுக்கவில்லை. வெளியே வந்ததும் இளைய உஸ்தாத், "ஹஜ்ரத், நம்ம லைட்டு..." என்று தொடங்கினார். "நாம் டிம்மில்தானே வந்தோம்" என்றோம். அவர் அதற்குமேல் பேசவில்லை.

அந்த வாரம் மதரஸாவில் நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம் என்னவென்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். வழியோரம் அமர்வதைப் பற்றிய நபிமொழி அது. வழியில் அமரத்தான் வேண்டுமென்றால் வழிக்கு உரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்த உரிமைகளுள் முதலாவது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது பிறருக்குத் துன்பம் தராதிருப்பது. ஸலாமுக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அதன் பின்னரே வருகின்றன. ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். கல்லையும் முள்ளையும் வழியிலிருந்து அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். அந்த வாரம் அதைச் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. முள்ளை அகற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாமே வழியில் ஒரு முள்ளை வைத்துவிட்டு வந்திருக்கிறோமா?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு உறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இஷா தொழுகைக்குப் பின் இளைய உஸ்தாதை அழைத்து, மதரஸா வளாகத்தில் வண்டியை நிறுத்தி, டிம் விளக்கைப் போடச் சொன்னோம். நாம் முப்பது அடி எட்டி நடந்து, மொபெட் ஓட்டுபவரின் கண் இருக்கும் உயரத்திற்குக் குனிந்து திரும்பிப் பார்த்தோம். வண்டி மறைந்துவிட்டது. சுவர் மறைந்துவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த உஸ்தாத் மறைந்துவிட்டார். இரண்டு வெண்ணிற ஓட்டைகள் மட்டும் இருந்தன. விளக்கை அணைக்கச் சொன்ன பிறகும் நெடுநேரம் நம் காலடியில் இருந்த மண் தெரியவில்லை. நம் கண்ணில் புரை இல்லை; பனியும் இல்லை; நாம் ஓடும் வண்டியிலும் இல்லை. அந்தப் பெரியவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டோம்.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகம் இன்றளவும் மதிக்கும் ஒரு பெயர் இப்னுல் ஹைதம் (ரஹ்). பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூல், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியது. அதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட சான்று மிக எளியது. கடுமையான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்த்துவிட்டு மங்கலான இடத்திற்குத் திரும்பினால் சிறிது நேரம் எதுவும் தெரிவதில்லை. ஆகவே ஒளி வெளியிலிருந்து வந்து கண்ணின் மீது வேலை செய்கிறது. நாம் மதரஸா முற்றத்தில் குனிந்து நின்று கற்றுக்கொண்டது, அவர் அன்றே எழுதிவைத்த பாடம்தான்.

இன்றைய மருத்துவம் அதை விரித்துச் சொல்கிறது. இருட்டில் பார்ப்பதற்குக் கண்ணின் விழித்திரையில் ஒரு நிறமி மெல்ல மெல்லச் சேர வேண்டும். முழுமையாகச் சேர ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். கடும் வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கலைத்துவிடுகிறது. வயது கூடக்கூட மீள்வதற்கு நேரம் கூடுகிறது. புரை விழுந்த கண்ணிலோ, வரும் ஒளி உள்ளே சிதறிப் பார்வை முழுவதையும் வெண்திரையாக மூடிவிடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு மொபெட், மூன்று நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். அந்த 25 மீட்டரையும் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டவர் போலக் கடந்தார்.

அடுத்த கேள்வி, இதற்கு நாம் பொறுப்பா என்பது. நாமே பிக்ஹ் சொல்லிக்கொடுப்பவர். ஆகவே நம் நப்ஸ் நம்மிடம் பிக்ஹ் பேசியது. 'நீ அவரைத் தொடவில்லை. உன் வண்டி அவர்மீது மோதவில்லை. நேரடியாகச் செய்தவன் எண்ணம் இல்லாமல் செய்தாலும் ஈடு தர வேண்டும். காரணமாக மட்டும் இருந்தவனோ வரம்பு மீறினாலன்றிப் பொறுப்பாகமாட்டான். இதுதானே சட்டம்?' ஆம், ஹனபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டத்தின் 92, 93-ஆம் விதிகள் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கின்றன. ஆனால் அதே மஜல்லாவின் 926-ஆம் விதி நம் வாயை அடைத்தது. பொதுவழியில் நடமாடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் தடுக்கக்கூடிய தீங்கைப் பிறருக்குச் செய்யாதிருத்தல் என்ற நிபந்தனையோடுதான் உண்டு என்பது அதன் கருத்து. தயாரிப்பாளர் வைத்த விளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டருக்கு உரியதல்லாத ஒன்றை மாட்டி, எதிரே வந்தவர்கள் இரண்டு மாதம் எச்சரித்தும் கேளாமல் ஓட்டியது வரம்பு மீறல் இல்லாமல் வேறென்ன?

அல்லாஹ் தனக்குரிய உரிமையில் நாம் செய்த குறையைத் தன் கருணையால் மன்னிக்கலாம். அடியாருடைய உரிமையை, அந்த அடியாரிடம்தான் போய்த் தீர்க்க வேண்டும். இதை எத்தனை ஜும்ஆ பயான்களில் பேசியிருக்கிறோம்!

மறுநாள் காலையில் முதல் வேலையாக எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிப் பழைய பல்புகளையே மாட்டினோம். மாலையில் பெரியவரின் ஊருக்குப் போனோம். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அதைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நிய்யத் வைத்திருந்தோம். "ஐயா, அன்று நீங்கள் விழுந்ததற்குப் பனி காரணமில்லை. எங்கள் வண்டியின் வெளிச்சம்தான் காரணம். மருத்துவமனையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "அந்த லைட்டக் கழட்டிட்டீங்களா?"

"கழற்றிவிட்டோம் ஐயா."

"அப்ப சரி."

பூவின் விலையைக் கொடுத்தோம். அவர் வாங்கத் தயங்கினார். உள்ளேயிருந்து அவருடைய துணைவியார், "பூவுக்கு வாங்கிக்கங்க. இவரு கை கூடுற வரைக்கும் கூலிக்கு ஆளு விட்டுத்தானே பறிக்கிறோம், அதுக்கும் அவுக மனசாக் குடுத்தா வாங்கிக்கலாம். அதுல என்ன இருக்கு" என்றார்கள். அந்தத் தாயின் தெளிவு நமக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. நாம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததை அவர்களே எளிதாக்கிவிட்டார்கள். ஆறு வாரங்களுக்குப் பறிகூலியை ஏற்றுக்கொண்டோம். கிளம்பும்போது பெரியவர் வாசல் வரை வந்து, "எம் மருமகனும் ஷேர் ஆட்டோவுல இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கான் பாய். நாஞ் சொன்னாக் கேக்க மாட்டான். நீங்க சொல்லுங்க" என்றார்.

சொல்வதற்கு முன் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. திருநகரில் நீண்ட காலம் ஒயரிங் வேலை பார்த்து வரும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, அருகிலேயே அமர்ந்து கேட்டுக்கொண்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால், அவர் விளக்கியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் வண்டியில் இருப்பது ஹெச்4 என்னும் வகை பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். 60 வாட் இழை பிரைட்டுக்கு. 55 வாட் இழை டிம்முக்கு. டிம் இழையின் அடியில் மிகச் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்த இழையின் ஒளி கீழ்நோக்கிப் போகாமல் கிண்ணம் தடுத்துவிடுகிறது. ஆகவே ஒளி, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கிக் கீழே திரும்புகிறது. அதனால் வெளிச்சத்திற்கு மேலே ஒரு தெளிவான எல்லைக்கோடு கிடைக்கிறது. கோட்டுக்குக் கீழே நமக்கு வெளிச்சம்; கோட்டுக்கு மேலே எதிரே வருபவரின் கண்ணுக்கு இருட்டு. நம் நாட்டில் இடப்பக்கம் செல்வதால், அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்று ஏறி, நடந்து போவோரையும் சாலையோரப் பலகைகளையும் காட்டும். ஒரு விரல்நுனி அளவுள்ள கிண்ணம் செய்யும் வேலை இது.

எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. தட்டையான சில்லுகள் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுவதால், இழைக்கென்று வளைக்கப்பட்ட ரிஃப்ளெக்டர் அந்த ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. எல்லைக்கோடு அழிந்துபோகிறது. டிம்மில் ஓட்டினோம் என்று நாம் சொல்லிக்கொண்டோமே, அந்த விளக்கில் டிம் என்பதே இல்லை! எல்.இ.டி. தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முழு விளக்கோடு வரும் புதிய வண்டிகள் அந்தக் கோட்டைச் சரியாகவே காக்கின்றன. பழைய கூட்டுக்குள் புதிய பல்பை மட்டும் திணிப்பதுதான் கேடு. 100/90 வாட் பல்பு மாட்டுவதும் அப்படியே. அது எதிரே வருபவரைக் கூசச் செய்வதோடு நம் ஹோல்டரையும் ஒயரையும் சுவிட்சையும் உருக்கிவிடும்.

அப்படியானால் நம் விளக்கு ஏன் மங்கியிருந்தது? மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட். விளக்கின் ஹோல்டரில் 11.7 வோல்ட். இடையில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. இருபது ஆண்டுப் பழைய மெல்லிய ஒயர், தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்ச், துருவேறிய எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் அதைத் தின்றுவிட்டிருந்தன. ஹாலஜன் பல்பின் இயல்பு என்னவென்றால், வோல்ட் சிறிது குறைந்தாலும் ஒளி பன்மடங்கு குறையும். வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். நம் வண்டியிலோ 40 விழுக்காட்டுக்கு மேல் ஒளி போய்விட்டிருந்தது. அதாவது விளக்கு பலவீனமாக இல்லை; அதற்குப் போக வேண்டிய உணவு போகவில்லை.

மருந்து எளியதாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, இடையே பியூஸ் வைத்து, டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே பொருத்தினார். இரு விளக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். முன்பு அவ்வளவும் அந்தச் சிறிய சுவிட்ச் வழியாகவே ஓடியது. இப்போது சுவிட்ச் ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் செய்கிறது. எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். மங்கிய பழைய பல்புகளுக்குப் பதில் அதே 60/55 வாட்டில் நல்ல தரமான இரண்டு புதிய ஹாலஜன் பல்புகள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்றும், விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் அதை உடைத்துவிடும் என்றும் சொல்லி, துணியால் பிடித்து மாட்டினார். மீண்டும் அளந்தபோது ஹோல்டரில் 13.4 வோல்ட் இருந்தது. மொத்தச் செலவு 2,000 ரூபாய். எல்.இ.டி.க்குக் கொடுத்ததைவிட 200 ரூபாய்தான் அதிகம்.

கடைசியில் விளக்கின் நோக்கைச் சரிசெய்ய வேண்டும் என்றார். இதுதான் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது. மதரஸா முற்றம் சமதளம். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். மாணவர்கள் அளவு நாடாவைப் பிடித்தார்கள். மெக்கானிக் விளக்கின் பின்னுள்ள திருகைத் திருப்பினார். வண்டியின் பின்புறம் பாரம் ஏறினால் முன்புறம் தூக்கி வெளிச்சம் மேலே போகும் என்பதால், ஆறு மாணவர்களைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்தே நோக்கினோம். அவர்களுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அரை மீட்டர் வலப்புறமாக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கும் ஒருவருக்கு அது கூசக்கூடாது. தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் போனதும் அதைக் கிழித்தெறிபவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்த 8 மீட்டர் தொலைவில் நிற்கும் கண் யாருடையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பார்வையைத் தாழ்த்துமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடும் வசனம் (24:30), 'அந்நூர்', அதாவது 'ஒளி' என்னும் பெயருடைய அத்தியாயத்தில்தான் அமைந்திருக்கிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். வழியின் முதல் உரிமையாக நபி (ஸல்) அவர்கள் பார்வையைத் தாழ்த்துவதைச் சொன்னார்கள். வழியில் போகிறவரின் மானம் நம் பார்வையால் காயப்படக்கூடாது என்பதே அதன் நோக்கம். நம் காலத்தில் பார்வையோடு விளக்கையும் தாழ்த்த வேண்டியிருக்கிறது என்று இப்போது பாடத்தில் சேர்த்துச் சொல்கிறோம். நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது நம் உரிமை. திருமங்கலம் சாலையில் அந்த ஆறு பிள்ளைகளோடு தப்பிய நமக்கு அதன் மதிப்புத் தெரியும். எதிரே வருபவரும் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நம்மீதுள்ள உரிமை. ஒன்றுக்காக மற்றொன்றைப் பறிக்கத் தேவையே இல்லை என்பதை இரண்டு ரிலேயும் ஒரு சுண்ணாம்புக் கோடும் நமக்குக் காட்டின.

அன்பிற்குரிய பெற்றோரே, உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால் முதலில் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ஒருநாள் இரவு, உங்கள் பிள்ளையை உள்ளே உட்கார வைத்து டிம் போடச் சொல்லி, நீங்களே எட்டிப் போய்க் குனிந்து பாருங்கள். எதிரே வருபவர் விளக்கை அணைத்து எரித்தால் அவரோடு வாதாடாதீர்கள். அவர் உங்களுக்கு நஸீஹத் செய்கிறார்.

மதரஸாச் சுவரில் அந்த இரண்டு கோடுகளும் இன்னும் இருக்கின்றன. மழையில் அழிந்தபோது மாணவர்களே பெயின்டால் வரைந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் அளந்து பார்த்துத் தருகிறோம். பெரியவரின் மருமகன் இரண்டு முறை சொல்லியும் வரவில்லை. மூன்றாம் முறை, கட்டுப் பிரித்த கையோடு மாமனாரே அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தார். தை பிறந்து இரண்டாவது கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டிருந்தார். மருமகனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, அவர் தாமே முப்பது அடி தள்ளிப் போய் நின்று, "இப்பப் போடு" என்றார். சற்று நேரத்தில் இடம் மாறி, மருமகனை அங்கே நிற்கவைத்தார். நாம் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் வெளிச்சம் எவருக்கும் இருட்டாகிவிடாமல் காப்பாயாக. எங்களால் துன்பமடைந்தவர்களிடம் சென்று அதை ஒப்புக்கொள்ளும் துணிவைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.